காரும் துப்பாக்கியும் சட்டப் புத்தகமும்

அமெரிக்காவில் துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு போகலாமா என்று யாராவது கேட்டால், "எந்த ராஜ்யத்தில்?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு ராஜ்யத்தில் பக்கத்து ஆசனத்தில் கிடக்கலாம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அதே துப்பாக்கி சிறைக்கு வழி காட்டும். இந்தத் தொல்லைக்காகவே 1986-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. புறப்படும் ஊரிலும் போய்ச் சேரும் ஊரிலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர், தோட்டாவை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாதபடி டிக்கியில் வைத்து, இடையில் உள்ள ராஜ்யங்களைக் கடந்து போகலாம்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நம் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள பெரிய மனிதரையே தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் அதை ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காக்காரருக்கு அப்படியல்ல, அது அரசியல் சாசனத்தில் எழுதிக் கொடுத்த உரிமை.

வக்கீல்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு தோட்டா துப்பாக்கியின் எந்தப் பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வியை வைத்துக் கலிபோர்னியாவில் 1967-ல் ஒரு சரித்திரமே நடந்திருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

ஓக்லண்ட் என்ற துறைமுக நகரம். ஹ்யூயி நியூட்டன் என்ற கறுப்பு இளைஞர். பள்ளிப் படிப்பை முடித்தபோதும் தமக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டு, கல்லூரியில் சேர்ந்து, சட்டப் புத்தகங்களில் மூழ்கினார். 1966 அக்டோபரில் அவரும் நண்பர் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியை ஆரம்பித்தார்கள். துப்பாக்கி வாங்கப் பணம் இல்லை. மாசேதுங்கின் சிவப்புப் புத்தகத்தைப் பெர்க்கிலி மாணவர்களிடம் விற்றுப் பணம் சேர்த்தார்கள்!

அவர்கள் செய்த காரியம் இதுதான். ஓக்லண்ட் போலீஸ் கறுப்பர்களைத் தெருவில் நிறுத்தி உதைப்பது சர்வசாதாரணமாக இருந்தது. சிறுத்தைகள் காரில் போலீஸ் வண்டியைப் பின்தொடர்ந்தார்கள். யாரையாவது போலீஸ் நிறுத்தினால், இவர்களும் இறங்கி, சட்டம் அனுமதித்த தூரத்தில் துப்பாக்கியோடு நின்று பார்த்தார்கள். பிடிபட்டவனுக்கு அவனுடைய உரிமைகளை உரக்கப் படித்துச் சொன்னார்கள்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருந்ததா? இருந்தது. இடுப்பில் மறைத்து வைத்தால்தான் அனுமதி வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி ஏந்திப் போனால் குற்றமில்லை. தண்டனை பெற்றவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது; நீண்ட துப்பாக்கிக்கு அந்தத் தடை இல்லை. நியூட்டன் ஒரு கத்திக்குத்து வழக்கில் தண்டனை பெற்றவர். ஆகவே அவர் கையில் எப்போதும் நீண்ட துப்பாக்கி.

மோட்டார் கார் விஷயத்துக்கு வருவோம். காருக்கான விதி போலீஸ் சட்டத்தில் இல்லை. மீன் பிடிப்பதற்கும் வேட்டையாடுவதற்கும் எழுதிய சட்டத்தில் இருந்தது. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வண்டியில் இருந்தபடியே சுடக்கூடாது, மேடு பள்ளத்தில் குலுங்கித் தவறி வெடிக்கவும் கூடாது. அதனால் பொதுப் பாதையில் உள்ள வண்டிக்குள் 'நிரப்பிய' நீண்ட துப்பாக்கி இருக்கக் கூடாது. நிரப்பியது என்றால் என்ன? சுடும் அறைக்குள் தோட்டா ஏறியிருக்க வேண்டும். கீழே தோட்டாக் கூட்டில் எத்தனை இருந்தாலும் அது நிரப்பியதாகாது. நியூட்டன் இதை வரி வரியாகப் படித்து வைத்திருந்தார். ஒரு நாள் போலீஸ் அவருடைய காரைச் சூழ்ந்துகொண்டது. அவர் லைசென்ஸைக் காட்டினார், பேரும் விலாசமும் சொன்னார், துப்பாக்கியைக் கொடுக்க மறுத்தார். காரைவிட்டு இறங்கினார். இறங்கிய பிறகுதான் தோட்டாவை அறைக்குள் ஏற்றினார் என்று சீல் எழுதியிருக்கிறார். காலைத் தரையில் வைத்த அந்தக் கணத்திலிருந்து வேட்டைச் சட்டம் அவரைத் தொடாது!

படித்தவனுடைய இந்தத் துணிச்சல்தான் அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கண்மூடித்தனமாகச் சட்டத்தை மீறுகிறவனை உள்ளே தள்ளலாம். கமா, புள்ளி வரை கடைப்பிடிக்கிறவனை என்ன செய்வது?

சட்டத்தை மாற்றலாம். டான் மல்ஃபோர்டு என்ற குடியரசுக் கட்சி அங்கத்தினர் 1967-ல் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்க்க மே 2-ஆம் தேதி முப்பது சிறுத்தைகள், அவர்களில் ஆறு பேர் பெண்கள், ஸாக்ரமெண்டோ நகரத்துச் சட்டசபைக்குத் துப்பாக்கிகளுடன் வந்து இறங்கினார்கள். கவர்னர் ரொனால்டு ரீகன் புல்தரையில் பள்ளிக் குழந்தைகளோடு இருந்தார். பார்வையாளர் மாடத்தைத் தேடிப் போனவர்கள் வழி தெரியாமல் சபைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். காவலர்கள் சில துப்பாக்கிகளைப் பிடுங்கினார்கள். மீறிய சட்டம் எதுவும் அகப்படாமல் திருப்பியும் கொடுத்தார்கள். திரும்பும் வழியில், பெட்ரோல் பங்க் அருகில் வைத்துக் கைது நடந்தது. சபை நடவடிக்கையைக் குலைத்ததாக ஒரு குற்றச்சாட்டு. அதோடு, பாவம், அந்த மீன் வேட்டைச் சட்டத்தையும் தேடி எடுத்தார்கள். சீலுக்குச் சில மாதம் சிறை.

அந்த ஊர்வலம் மசோதாவுக்கு எமனாக வரவில்லை, வரமாகவே வந்தது. தெருவில் நிரப்பிய துப்பாக்கியோடு குடிமகன் நடமாட ஒரு காரணமும் இல்லை என்றார் ரீகன். ஜூலை 28-ஆம் தேதி கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமையின் காவலராகப் பிற்காலத்தில் போற்றப்பட்ட அதே ரீகன்தான். மேலே சொன்ன 1986 சட்டத்தில் ஜனாதிபதியாகக் கையெழுத்திட்டவரும் அவரே.

புதுச் சட்டம் நகரத்துத் தெருவில் ஆள் மீதோ வண்டிக்குள்ளோ நிரப்பிய துப்பாக்கி கூடாது என்றது. 'நிரப்பிய' என்ற சொல்லின் பொருளும் மாறிப்போயிற்று. சுடும் அறை என்ன, கூடு என்ன, துப்பாக்கியோடு எந்த விதத்தில் தோட்டா ஒட்டியிருந்தாலும் குற்றம். சோதித்துப் பார்க்கப் போலீஸ்காரருக்கு அதிகாரம். காட்ட மறுத்தால் அதுவே கைதுக்குக் காரணம். நியூட்டன் கால் வைத்து நின்ற வரப்பை அப்படியே உழுதுவிட்டார்கள். விதி நியாயமானதுதான் என்று இன்றைக்கும் பலர் சொல்லுவார்கள். நானும் நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் உலாவுகிறவர்களுக்குப் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் மான் வேட்டைக்காரர் எத்தனையோ காலம் போய் வந்த பாதையில் கறுப்பர் ஆறு மாதம் போனதும் அவசரச் சட்டம் வந்துவிட்டது என்பதும் உண்மை.

மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில், ஓக்லண்டில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே நியூட்டன். சுடுசத்தம் கேட்டது. நியூட்டன் வயிற்றில் குண்டு பாய்ந்தது. ஒரு போலீஸ்காரர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். தம் கையில் இருந்தது சட்டப் புத்தகம்தான் என்று நியூட்டன் சாட்சி சொன்னார். 1968-ல் தண்டித்தார்கள், 1970-ல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது, மறு விசாரணைகளில் ஜூரர்கள் ஒருமுகமாக முடிவு செய்ய முடியாமல் வழக்கே கைவிடப்பட்டது. இறந்துபோன போலீஸ்காரருக்கு வயது 23.