பர்த்தலமேயுவின் கத்தியும் தோலும்

புதிய ஏற்பாட்டில் பர்த்தலமேயுவுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. பன்னிரு திருத்தூதர் பட்டியல்களில் இடம்பெறுகிறார். ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. யோவான் நற்செய்தியில் வரும் நத்தானியேல் இவரே என்பது பிற்கால உரைகாரர்களின் ஊகம். இவர் ‘இந்தியா’ வரை சென்றதாக 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதினார். அன்று அப்பெயர் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூடக் குறித்ததால், அதை வைத்து எதையும் நிறுவ இயலாது. இவர் கொலையுண்ட இடமாக மரபில் நிலைத்தது ஆர்மீனியாதான்.

எப்படிக் கொல்லப்பட்டார் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. சிலுவை, தோலுரிப்பு, தலைவெட்டு என மூன்று வழக்குகள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான ‘பொன் புராணம்’ மூன்றும் அடுத்தடுத்து நடந்தன என்று சமரசம் பேசுகிறது. கலைஞர்கள் தோலுரிப்பையே பற்றிக்கொண்டதற்கு அதன் கொடூரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சிலுவை பேதுருவுக்கும் அந்திரேயாவுக்கும் போய்விட்டது, வாள் பவுலுடையது. வரிசையாக நிற்கும் திருத்தூதரில் இவரை இனங்காட்ட எஞ்சியது கத்தி. இடைக்காலச் சிற்பங்களில் இவர் உடல் முழுதும் ஆடை போர்த்தி, கத்தியை ஒரு முத்திரைபோல் ஏந்தி நிற்கிறார். தோல் பதனிடுவோர் இவரைப் பாதுகாவலராகக் கொண்டதும் அந்தக் கத்தியால்தான்.

16ஆம் நூற்றாண்டில் கவனம் கத்தியிலிருந்து தோலுக்கு மாறியது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ (1536–1541) இதற்கு முதன்மைச் சான்று. அதில் புனிதர் வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாக முழு உடலோடு அமர்ந்திருக்கிறார். இடக்கையில் தொங்கும் தோலின் முகமோ கருமுடி கொண்ட வேறொருவருடையது. அது ஓவியரின் சொந்த முகம் என்று 1925இல் பிரான்செஸ்கோ லா காவா என்ற மருத்துவர் வாதிட்டார், பலரும் ஏற்றனர்.

மிலான் பேராலயத்தில் மார்க்கோ த’அக்ராத்தே 1562இல் முடித்த சிலை இன்னும் ஒருபடி மேலே போகிறது. தசைநாரும் நரம்பும் தெரிய நிற்கும் உருவம், தன் தோலையே மேல்துண்டுபோல் தோளில் போட்டிருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்தான் வால்வெர்தேயின் உடற்கூற்று நூல், உரித்த தோலை ஒரு கையிலும் கத்தியை மறுகையிலும் பிடித்த மனிதனைப் படமாக வெளியிட்டிருந்தது. சிலையின் உறவு புராணத்தோடு இருப்பதைவிட அந்தப் படத்தோடு நெருக்கமானது. தன்னைச் செய்தவன் பண்டைய கிரேக்கச் சிற்பி பிராக்சிட்டலீஸ் அல்ல, மார்க்கோவே என்று சிலை சொல்வதாகப் பீடத்தில் பொறித்திருப்பதும் இதையே காட்டுகிறது. அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டது சிற்பியின் திறமை. புனிதர் அதற்கொரு சாக்கு.

ரிபேராவின் 1644ஆம் ஆண்டு ஓவியம் வலியை மீட்டெடுக்கிறது: கை கட்டுண்டவர் நேராகப் பார்வையாளரையே நோக்குகிறார், கீழே உடைந்த கற்சிலையின் தலை கிடக்கிறது. ரெம்பிரான்ட் 1661இல் தோல், வலி இரண்டையும் விட்டுவிட்டார். ஒருவர் மோவாயில் கை வைத்து யோசனையில் இருக்கிறார். மற்றக் கையில், சமையற்கட்டில் கிடப்பதுபோன்ற ஒரு கத்தி.