கத்தரிக்காயில் புழு: மருந்து அடித்தும் சாகாதது ஏன்? செடியிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

காலையிலேயே திருவண்ணாமலை உழவர் சந்தைக்குப் போய், பளபளப்பான காயாகப் பார்த்துப் பொறுக்கி அரை கிலோ கத்தரிக்காய் வாங்கி வந்திருப்பீர்கள். வீட்டில் நறுக்கினால் ரெண்டு மூணு காய் உள்ளே கறுத்துப்போய், இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். வெளியே ஓட்டையே இல்லையே, உள்ளே எப்படிப் போச்சு?

வாரா வாரம் மருந்து அடித்தும் விவசாயிக்கு ஏன் சொத்தைக்காய் குறையவில்லை என்பதற்கான விடையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

யார் இந்தப் புழு?

இதன் பெயர் தண்டு மற்றும் காய்த்துளைப்பான். அறிவியல் பெயர் லூசினோடஸ் ஆர்பொனாலிஸ். தாய்ப்பூச்சி வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டுகள் கொண்ட ஒரு சின்ன அந்துப்பூச்சி. பகலில் இலை மறைவில் ஒளிந்திருக்கும், முட்டை வைப்பதெல்லாம் ராத்திரியில்தான். சில நாளில் முட்டை பொரிந்து வரும் குட்டிப்புழு வெளியே சுற்றுவது சில மணி நேரம் மட்டுமே. அதற்குள் இளம் தண்டையோ, பூவையோ, பிஞ்சையோ துளைத்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும்.

காய் பெருக்கப் பெருக்க அந்தத் தழும்பு மறைந்துவிடும். காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பிக்கு அடியில் துளைத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. கடையில் பார்க்கும் பெரிய வட்ட ஓட்டை புழு நுழைந்த வழி அல்ல, தின்று முடித்து வெளியேறிய வழி. அதனால் ஓட்டை இருக்கும் காயில் புழு போயிருக்கலாம், ஓட்டையே இல்லாத காயில் இருக்கலாம்.

மருந்து அடித்தும் ஏன் சாகவில்லை?

புழு உள்ளே இருப்பது சுமார் ரெண்டு வாரம். சில சமயம் மூணு வாரம்கூட ஆகும். வெளியே தெளிக்கும் மருந்து தோலில் வழிந்து போகிறதே தவிர, உள்ளே இருக்கும் புழுவைத் தொடுவதில்லை. அது மாட்டும் நேரம் பொரிந்த அந்தச் சில மணி நேரம்தான். தோட்டத்தில் முட்டை, புழு, பூச்சி எல்லாம் ஒரே சமயத்தில் இருப்பதால், அந்த நேரத்தைக் குறிபார்த்து அடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கை விட்டு கை செலவழித்து அடித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடிக்க அடிக்க, புழுவைத் தின்னும் குளவிகளும் பொறிவண்டுகளும் முதலில் செத்துப்போகின்றன. சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ பெருகும் என்பதால், கத்தரியில் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் வேளாண் அறிவியலாளர்கள்.

நுனி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்தப் பூச்சி காய்க்குப் போவதற்கு முன்பே செடியில் அடையாளம் காட்டிவிடும். செடி நட்டு சில வாரத்தில், மற்ற கிளையெல்லாம் நன்றாக இருக்க, ஒரே ஒரு நுனி மட்டும் தலை தொங்கி வாடும். பலரும் தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து ஊற்றுவார்கள். செடி முழுக்க வாடினால் தண்ணீரையோ வேரையோ சந்தேகப்படலாம். ஒரு நுனி மட்டும் வாடினால் அந்தத் தண்டைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே புழுவோ அதன் கழிவோ இருக்கும்.

வைத்தியமும் அதேதான். வாடிய நுனியை, துளை இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டி எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, காய்ப்பு தொடங்கும் வரை விடாமல் செய்ய வேண்டும். செடி பக்கக்கிளை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வெட்டியதை வரப்பில் வீசிவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. உள்ளே இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து கூட்டுப்புழுவாகி, பூச்சியாகித் திரும்பி வரும். எரிக்க வேண்டும், அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். தொட்டிச் செடி என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ரெண்டு நாள் நல்ல வெயிலில் போட்டாலே போதும். சொத்தைக்காய்க்கும் இதே விதிதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ப்பு முடிந்து பிடுங்கிய கத்தரி மாரை அடுப்புக்கு ஆகும் என்று கொல்லையில் அடுக்கி வைப்பது கிராமத்து வழக்கம். அந்தக் குவியலில் இருந்துதான் அடுத்த நடவுக்குப் பூச்சி கிளம்பும். ஒரே நிலத்தில் கத்தரிக்குப் பின் கத்தரியே போட்டாலும் அதேதான் நடக்கும்.

இதோடு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். பெண் பூச்சியின் வாசனையைச் சின்னக் குப்பியில் அடைத்து, ஆண் பூச்சியை ஏமாற்றி இழுக்கும் கருவி அது. இணை கிடைக்காத பெண் பூச்சியின் முட்டை பொரிக்காது. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம் இந்தியா, வங்கதேசம், இலங்கையில் பரப்பிய முறையும் இதுதான்: நுனி வெட்டு, இனக்கவர்ச்சிப் பொறி, முடிந்தவரை மருந்தை நிறுத்தி வைப்பது. பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்து செய்தால்தான் இது எடுபடும். பூச்சிக்கு வரப்பு தெரியாது.

விளக்குப் பொறி வைப்பவர்களுக்கு திருவண்ணாமலைக்கே உரிய ஒரு குறிப்பு: பௌர்ணமி கிரிவலத்தன்று பூச்சி குறைவாக விழுந்தால் பூச்சி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு வரும் பூச்சி எப்போதுமே குறையும்.

எல்லாத்துக்கும் ஒரே மருந்தா?

மருந்துக்கடைக்குப் போய் "செடியில பூச்சி இருக்கு, மருந்து குடுங்க" என்று கேட்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சி இனமே கிடையாது, சிலந்திக்குச் சொந்தம். அதனால் சாதாரணப் பூச்சிமருந்து பல சமயம் அதனிடம் பலிக்காது.

வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வைரஸ். அந்தச் செடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை, பிடுங்கிவிட வேண்டியதுதான். நோயைச் சுமந்து வரும் வெள்ளை ஈயை மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்துக் குறைக்கலாம்.

கத்தரி இலை சல்லடையாக இருந்தால் புள்ளிவண்டு. பார்க்கப் பொறிவண்டு மாதிரியே இருக்கும். ஆனால் மங்கலான செம்பழுப்பு நிறம், நிறையப் புள்ளிகள், அதன் குட்டி மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும். கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பளபளப்பாக இருக்கும் பொறிவண்டையும், முதலைக்குட்டி போல் கறுப்பாக ஓடும் அதன் குட்டியையும் மட்டும் தொட வேண்டாம். அவை அசுவினியைத் தின்னும் கூட்டாளிகள்.

இந்தக் கூட்டாளிகளின் பலம் தெரிய வேண்டுமா? 2008-ல் கோவையில் முதலில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி எனத் தமிழகம் முழுக்கப் பரவியது. அடித்த மருந்து எதுவும் எடுபடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவிதான் அதை அடக்கியது.

அடித்தே ஆக வேண்டும் என்றால்?

முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 1 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். ஏக்கர் கணக்குக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ. பூச்சி வைத்தபின் அடிப்பதைவிட, முட்டை வைக்கும் கட்டத்திலேயே தொடங்கினால்தான் பலன்.

ரசாயனம் என்றால் லேபிளில் பயிரின் பெயர் இருக்கிறதா, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கத்தரிக்கு அனுமதி உள்ளவற்றிலேயே எமாமெக்டின் பென்சோயேட்டுக்கு 3 நாள், குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கு 22 நாள். கத்தரியோ நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. இன்று அடித்து நாளை மறுநாள் சந்தைக்கு அனுப்பினால், சாப்பிடுகிறவர் தட்டுக்குத்தான் மருந்து போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவினாலும் முழுசாகப் போகாது.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிப்பதை மத்திய அரசு 2005-லேயே தடை செய்துவிட்டது. 2013-ல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளின் உயிரைப் பறித்ததும் இதே மருந்துதான். சமையல் எண்ணெயில் அது கலந்திருந்தது. காலி மருந்து டப்பாவைக் கழுவி வீட்டில் எதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பி.டி. கத்தரி என்ன ஆச்சு?

காயே புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை, 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, அடுத்த ஆண்டே விவசாயிகளிடம் கொடுத்துவிட்டது. ஆனால் அது இந்தப் புழுவுக்கு மட்டும்தான் பதில். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, சிலந்திப்பேனுக்கு அதனிடம் பதில் இல்லை.

யாரிடம் கேட்கலாம்?

வாடிய நுனியையோ சொத்தைக்காயையோ கையோடு எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ, கீழ்நெல்லியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகலாம். வாழவச்சனூரில் வேளாண் கல்லூரியும் இருக்கிறது. போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.