இரண்டணாவிலிருந்து ஒரு வியூ வரை: விளம்பரக் காசும் நம் குரலும்

காலை ஷிஃப்ட் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள், செங்கல்பட்டு போகிறவர்கள், பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகள், எல்லார் கையிலும் போன், போனில் வீடியோ. நம் தெருக்களிலும் அப்படித்தான். டி.வி. இருக்கிற வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று தாங்களே வீடியோ எடுக்கிறார்கள், எடிட் செய்கிறார்கள், ஏற்றுகிறார்கள்.

மாலைநேரப் படிப்பு மையத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, நம்ம சுடுகாட்டுப் பாதை பத்தி வீடியோ போடலாம்னு இருக்கோம். ஆயிரம் பேர் பார்த்தா எவ்ளோ காசு வரும்?"

"அது யார் பார்க்கிறாங்க, எதைப் பார்க்கிறாங்கன்னு பொறுத்து மாறும்" என்றேன்.

"பார்க்கிறது ஒண்ணுதானே அக்கா, விலை மட்டும் ஏன் மாறுது?"

அன்று அவனுக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூகுள் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பிருந்தே நம் முன்னோர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். விளம்பரக் காசு எந்தக் குரலை வளர்க்கும், எதை வளர்க்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாசகர் காசில் நடந்த பத்திரிகைகள்

நம் செங்கல்பட்டு மண்ணிலிருந்தே தொடங்குவோம். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893 அக்டோபரில் அவர் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்க மாத இதழ், விலை இரண்டணா. எந்தப் பெயரைச் சொல்லி மற்றவர்கள் இழிவுபடுத்தினார்களோ அதையே இதழின் தலைப்பாக வைத்தார். பிறகு வார இதழாக்கி 1900 வரை நடத்தினார்.

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவந்தார். பெயரிலேயே விலை இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பெயர் 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் மறையும்வரை இதழ் வந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதன் பெரிய பலம். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களின் காசுதான் பவுத்தத்தையும் சாதி எதிர்ப்பு வரலாற்றையும் அச்சில் ஏற்றியது.

இந்த இரண்டு இதழ்களும் பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தை நம்பி நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. நம் மக்களை வாடிக்கையாளர்களாக எந்த வியாபாரி கண்டான்?

பம்பாயில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழை வெளியிட்டார். கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். இதழ் வருகிறது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டுமே! திலகர் தொடங்கிய 'கேசரி' பத்திரிகையில், இலவசமாக அல்ல, காசு கட்டி விளம்பரம் போடக் கேட்டார்கள். கேசரி மறுத்துவிட்டது. சந்தையில் எல்லாருடைய காசுக்கும் ஒரே மதிப்பு என்கிறார்கள். நம் காசையும் தீட்டாகப் பார்த்த சந்தையும் இருந்தது.

இருபத்தைந்து வருடம் கழித்து, 1945-இல் வந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் அண்ணல் இதை ஒரு பொருளாதாரக் கேள்வியாகவே பிரித்துக் காட்டினார். விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை பிழைக்காது. விளம்பரம் தருவது வியாபாரிகள். அந்த வியாபாரிகள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஆகவே தீண்டத்தகாதவர்களால் தங்களுக்கென்று பத்திரிகை நடத்த முடியாமல் போகிறது. இதுதான் அவருடைய வாதம். ஊடகத்தை யார் ஆள்கிறார்கள் என்று பார்க்க, யார் விளம்பரம் கொடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னவர் அவர்.

விளைவை நாம் இன்றும் பார்க்கிறோம். 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, ஒருவரைக்கூடக் காணமுடியாமல், அந்தத் தேடலையே 'தி பயனியர்' நாளிதழில் கட்டுரையாக எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து கணக்கெடுத்தபோது, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பதவிகளில் 106-இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை.

எந்தக் கண்ணுக்கு விலை அதிகம்?

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 1976 ஜனவரி முதல் தூர்தர்ஷனில் விளம்பரம் வந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்த பிறகு விளம்பரம்தான் தொலைக்காட்சியின் அச்சாணி ஆனது. விளம்பரம் கொடுப்பவர் முதலில் கேட்பது, "யார் பார்க்கிறார்கள்?" அதற்குப் பதில் சொல்ல ஒரு வகைப்பாடு உருவானது. 1980-களின் கடைசியில் குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, தொழில் ஆகிய இரண்டையும் வைத்து நகர வீடுகளை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். 2011-இல் அது மாறியது. புது முறையில் சம்பாதிப்பவரின் படிப்பையும், வீட்டில் 11 பொருட்களில் எத்தனை இருக்கின்றன என்பதையும் பார்க்கிறார்கள்.

அந்த 11 எவை? மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி. பதினொன்றாவது, விவசாய நிலம்.

பட்டியலில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டவர் யார், நிலம் மறுக்கப்பட்டவர் யார்? 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை நம் மக்களின் நிலமில்லாக் கொடுமையைப் பதிவு செய்தது. அதையொட்டி 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994-இல் காரணை மக்கள் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். அதே நிலம் இப்போது விளம்பரக்காரரின் தாளில் ஒரு 'டிக்'. நிலம் பறிபோன வீட்டின் பார்வைக்கும் விலை குறைகிறது.

இடையில் ஒரு மாற்றமும் நடந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் டி.வி. போனது. அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் அவமானம் நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. பார்வையாளர் ஆனோம். நம் கதையை நாமே சொல்லும் வாய்ப்பு மட்டும் அப்போதும் வரவில்லை.

டேட்டா விலை விழுந்த கதை

யூடியூப் 2005-இல் தொடங்கியது. அடுத்த வருடமே கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2008 மே மாதம் இந்தியாவுக்கான பக்கம் வந்தது. ஆனால் அப்போது நம் வீடுகளில் அதைப் பார்க்க யாரிடம் நெட் இருந்தது? 2014-இல்கூட ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆனது என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு இறங்கியதும் மற்ற கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. 2018-இல் அதே ஒரு ஜிபி 12 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஒரு நாள் கூலி கொடுத்து வாங்கியதை ஒரு டீ விலையில் வாங்க முடிந்தது.

அந்தக் கதவு திறந்ததும் நம்மவர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2017-இல் திவ்யபாரதி மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 'கக்கூஸ்' ஆவணப்படம் எடுத்தார். பல ஊர்களில் திரையிடப் போலீஸ் அனுமதி மறுத்தது. படம் யூடியூபில் ஏறியது. மண்டபத்தைப் பூட்டியவர்களால் ஒவ்வொரு போனையும் பூட்ட முடியவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. வர முடியாத லட்சக்கணக்கானோர் வீடியோவில் பார்த்தார்கள். வடக்கே, உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-இல் கிராமத்துப் பத்திரிகையாகத் தொடங்கிய 'கபர் லஹரியா', போனைக் கையில் எடுத்து வீடியோ செய்தி நிறுவனமாக மாறியது. தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் அந்த நிறுவனத்தைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல்வரை போனது.

இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நூறு வருடமாக மூடியிருந்த ஒரு கதவு உண்மையிலேயே திறந்தது.

காசு எங்கே போகிறது?

கூகுள் முதல்முறையாக யூடியூப் கணக்கை வெளியே சொன்னது 2020-இல்தான். 2019-இன் விளம்பர வருமானம் சுமார் 1,500 கோடி டாலர். 2024-இல் அது 3,600 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருடம் இந்தியாவின் மொத்த விளம்பரச் செலவில் பாதிக்கு மேல் இணையத்துக்குப் போனது.

வழக்கமான நீள வீடியோவில் வரும் விளம்பரக் காசில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, ஷார்ட்ஸ் என்றால் 45 சதவீதம். ஆனால் அந்தப் பங்கு கிடைக்கத் தகுதி வேண்டும். 2018-இல் வந்த விதிப்படி 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. ஷார்ட்ஸுக்குத் தனிக் கணக்கு. தகுதி எட்டாத சேனல்களில் விளம்பரமே வராது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2020 நவம்பரில் யூடியூப் விதியை மாற்றியது. அதன்படி சிறிய சேனல்களிலும் விளம்பரம் போடலாம், ஆனால் பங்கு தர வேண்டியதில்லை. உழைப்பு நம்முடையது, அறுவடை வேறொருவருடையது. இந்த ஏற்பாடு நம் தாத்தா பாட்டிகளுக்குப் புதிதா என்ன?

எதைப் பேசுகிறோம் என்பதும் விலையை மாற்றும். 2017 மார்ச்சில், தீவிரவாத வீடியோக்களுக்குப் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வருகிறது என்று லண்டன் 'டைம்ஸ்' எழுதியதும் பெரிய கம்பெனிகள் விளம்பரத்தை நிறுத்தின. அதன்பின் விளம்பரத்துக்கு உகந்தது, உகந்ததல்ல என்று வீடியோக்களைப் பிரிக்கும் விதிகள் இறுகின. வன்முறை, சர்ச்சை என்று பட்டால் விளம்பரம் குறையும். வன்கொடுமையைப் பற்றிப் பேசாமல் நாம் எப்படிப் பேசுவது? 2021-இல் அமெரிக்காவின் 'தி மார்க்கப்' சோதித்தபோது, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற சொல்லை வைத்து யூடியூபில் விளம்பரம் கொடுக்கத் தேடினால் தடை வந்தது. 'ஒயிட் லைவ்ஸ் மேட்டர்' என்று தேடினால் வழி திறந்திருந்தது. கேட்ட பிறகுதான் அதையும் மூடினார்கள். 1920-இல் கேசரியில் ஒரு மனிதர் முகத்துக்கு நேரே மறுத்தார். இப்போது மறுப்பது யார் என்றே தெரிவதில்லை.

கோடிக்கணக்கில் பார்வை வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையை அறிவு அந்தப் பாடலுக்குள் கொண்டுவந்தார். யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. அதே வருடம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அவர் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பார்வை எண்ணிக்கைக்கும் கலைஞன் கைக்கு வரும் காசுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தத் தாள் இருக்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் வலியோடு சொல்ல வேண்டும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிய சிசிடிவி காட்சி டி.வி.யிலும் போன்களிலும் திரும்பத் திரும்ப ஓடியது. நீதிமன்றத்துக்கு அது சாட்சி. பார்வை எண்ணிக்கையைத் துரத்துகிறவர்களுக்கு அது சரக்கு. நம் பிள்ளையின் சாவு யாருடைய விளம்பரத்துக்கும் இடைவேளை ஆகக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

விளம்பரக் காசு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. நம் பிள்ளைகளுக்கு வருமானம் வேண்டும். ஆனால் எதைப் பேசுவது என்பதை அந்தக் காசு முடிவு செய்ய விடாதீர்கள். இரண்டணாவும் ஒரு பைசாவும் கொடுத்த வாசகர்கள்தான் இரட்டைமலையாரையும் அயோத்திதாசரையும் தாங்கினார்கள். ஒரு தெருவில் ஐம்பது வீடு மாதம் இருபது ரூபாய் கொடுத்தால் ஆயிரம் ரூபாய். மைக், டேட்டா, பஸ் செலவுக்கு அது போதும். யாரும் அதைக் குறைத்துவிட முடியாது.

அடுத்து, எடுத்த வீடியோவின் மூலப் பிரதியை ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். தேதி, ஊர், பேசியவர் சம்மதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்பு பொன்னோவியம் போன்றோர் 'தமிழன்' இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது. ஒரு கம்பெனியின் சர்வர் நம் ஆவணக் காப்பகம் ஆகாது.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். விலை மாறுவது, பார்ப்பவரிடம் என்ன வாங்கும் சக்தி இருக்கிறது என்று வாங்குபவர் கணக்குப் போடுவதால். அந்தச் சக்தி நம்மிடம் குறைவாக இருப்பதற்குக் காரணம் சாதி. சுடுகாட்டுப் பாதை வீடியோவை ஆயிரம் பேர் பார்த்துப் பத்து ரூபாய் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அதைத் தாசில்தார் பார்த்துப் பாதை அளக்க ஆள் அனுப்பினால், அதுதான் நம் கணக்கில் வரவு. வீடியோவை எடு தம்பி. மனுவின் நகலையும் கையில் வைத்துக்கொண்டு எடு.

ஜெய் பீம்.