மோட்டார் விசிறியின் கதை

மட்டாஞ்சேரிக்கு வருவோர் அங்குள்ள பழைய அரண்மனையைக் காணாமல் திரும்புவதில்லை. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்தனர். இன்று அதற்கு வழங்கும் பெயர் 'டச்சு அரண்மனை' என்பதே. கட்டியவர் பெயர் மறைந்தது. கடைசியாகக் கை வைத்தவர் பெயர் நிலைத்தது. கட்டடத்தில் இது பெருமையாகிறது. இயந்திரத்திலோ, கடைசியாகக் கை வைத்தவன்மீது பழியாக விழுகிறது. அவ்வாறு விழுந்த பழி ஒன்றையும், அது நீங்கிய விதத்தையும், அதன் பின்னணியிலுள்ள சிறு வரலாற்றையும் இங்கே கூற விரும்புகிறேன்.

மட்டாஞ்சேரியில் மிளகு வணிகம் செய்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் பழைய அம்பாஸடர் கார் ஒன்று உண்டு. ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் இருவரும் அதில் பஜார் சாலை வழியே சென்றோம். ஒருபுறம் காயல், மறுபுறம் கிடங்குகள். நடுவே குறுகிய சாலை. முன்னால் ஒரு லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் சென்றது. வெப்பமானியின் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சற்று நேரத்தில் முன்மூடியின் இடுக்குகளில் ஆவி எழுந்தது. ரேடியேட்டரின் மின்விசிறி சுழலவே இல்லை.

நண்பருக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ஓர் இளைஞன் அந்த வண்டிக்குப் புதிய 'சென்ஸர்' பொருத்தியிருந்தான். "அவன் செய்த வேலைதான் இது, அவனுக்குத் தரவேண்டிய பாக்கிக் கூலியைத் தரப்போவதில்லை" என்றார். அவன் குற்றவாளியா என்பதை ஆராயுமுன், எஞ்சினுக்கு விசிறி வந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

எரிபொருள் தரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள நீருக்குச் சென்றுவிடுகிறது. 1886-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற கார்ல் பென்ஸின் வண்டியில் அந்நீர் கொதித்து ஆவியாகவே வெளியேறியது. ஓட்டுபவர் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. இக்குறையைப் பெரிதும் நீக்கியவர் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியர். 1901-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்ஸிடிஸ் வண்டிக்கு அவர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அதன் பின்னால் ஒரு விசிறியும் சுழன்றது. 35 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்கு 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று.

அதன்பின் பல ஆண்டுகள் விசிறி எஞ்சினின் அடிமையாகவே இருந்தது. எஞ்சினின் முன்புறத்து உருளையிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றியது. எஞ்சின் விரைந்தால் விசிறியும் விரையும். எஞ்சின் தளர்ந்தால் விசிறியும் தளரும். இதில் ஒரு முரண்பாடு உண்டு. வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். விசிறிக்கு அங்கு வேலை குறைவு. நெரிசலில் நிற்கும்போதுதான் விசிறி மிகவும் தேவை. அப்போதோ அது மெதுவாகச் சுழல்கிறது. பஜார் சாலை போன்ற தெருக்களில் ஓட்டியவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

வெப்பத்தை அறியும் கருவியும் படிப்படியாகவே வளர்ந்தது. 1910-களில் ரேடியேட்டர் மூடியின்மேல் பொருத்திய 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்ற வெப்பமானியை, ஓட்டுபவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு செல்வார். பின்னர் மெல்லிய குழாய் வழியே இயங்கும் மானி வந்தது. அதற்குப் பின் வந்ததே மின் உணரி. வெப்பம் ஏறினால் மின்தடை குறையும் பொருள்கள் உண்டென்பதை மைக்கேல் பாரடே 1833-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அந்த இயல்புடைய சிறு வில்லை ஒன்றை நீரோட்டத்தில் வைத்தால், சூடு ஏற ஏற மின்னோட்டம் மிகும். மானியின் முள்ளும் ஏறும்.

விசிறி எஞ்சினிலிருந்து விடுதலை பெற்றதற்கு எஞ்சினின் கிடப்பே முக்கிய காரணம். முன்சக்கரங்களால் இயங்கும் சிறு வண்டிகளில் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்கள். அதன் உருளை பக்கவாட்டை நோக்கியது. ரேடியேட்டரோ முன்னால் நின்றது. நேர் பெல்ட் ஒன்றால் இரண்டையும் இணைக்க வழியில்லை. ஆகவே விசிறிக்குத் தனி மின் மோட்டாரும், நீரின் சூட்டைக் கண்டு அதை இயக்க ஒரு வெப்ப ஸ்விட்சும் வந்தன. 1969-ஆம் ஆண்டில் இத்தாலியில் வெளிவந்த பியட் 128 இவ்வகையில் புகழ்பெற்றது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மாருதி 800 இம்முறையைப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது.

அம்பாஸடரோ அதற்கு மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் அதன் உற்பத்தி தொடங்கியது. 2014-ஆம் ஆண்டில் முடிவுற்றது. என் நண்பருடைய வண்டி பெல்ட் விசிறியுடன் பிறந்தது. பிற்காலத்தில் யாரோ மின்விசிறியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆக, அந்த ஒரே வண்டியில் வெவ்வேறு காலத்துப் பொறிகள் ஒன்றாக வாழ்கின்றன. அவை எப்போதும் ஒத்துப்போவதில்லை. எடுத்துக்காட்டாக, அக்காலத்து லூகாஸ் டைனமோக்களில் பெரிதும் வழங்கிய ஒருவகை 22 ஆம்பியர் அளவே தரவல்லது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் கிடையாது. ஒரு மின்விசிறியோ பத்து ஆம்பியருக்கு மேலும் கேட்கக்கூடும். அன்றியும், அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருந்தது. இதை அறியாமல் இணைத்தால், நிலைக்காந்தம் கொண்ட விசிறி மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று காற்றை முன்னோக்கித் தள்ளும்.

இனி நம் வழக்குக்கு வருவோம். நண்பர் பழகிய முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தார். அவர் முதலில் ஒன்றும் செய்யவில்லை; எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் உள்ள நீர் சீறி வந்து முகத்தைச் சுட்டுவிடும். பின்பு அவர் நண்பரைக் கேட்டார்: "முள் ஏறியதா, சாரே?" ஏறியது என்றார் நண்பர். "அப்படியானால் முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்ஸர் நன்றாக இருக்கிறது. விசிறிக்கு ஆணையிடுவது வேறொன்று."

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்கள் உறைத்தன. அறிவிப்பது உணரி, ஆணையிடுவது வெப்ப ஸ்விட்சு. பட்டறையில் இரண்டுக்கும் 'சென்ஸர்' என்ற ஒரே பெயர்தான். நண்பர் "சென்ஸர் கெட்டுவிட்டது" என்று சொல்ல, அந்த இளைஞன் இரண்டையும் மாற்றியிருக்கிறான்.

மேஸ்திரி வெப்ப ஸ்விட்சின் இரு கம்பிகளையும் கழற்றி, ஒரு சிறு துண்டுக் கம்பியால் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார். விசிறி சுழன்றிருந்தால் குற்றம் ஸ்விட்சில், சுழலவில்லை. எனவே ஸ்விட்சு குற்றமற்றது. ப்யூஸைப் பார்த்தார், அது முழுதாக இருந்தது. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தார். விசிறி வரை மின்சாரம் வந்தது. பாட்டரியிலிருந்து இரு தனிக் கம்பிகளை நேரே விசிறிக்குக் கொடுத்தார். அது நன்றாகச் சுழன்றது. ஆகவே மோட்டாரும் நலமே. எஞ்சியது ஒன்றுதான்: மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி, அதாவது எர்த் கம்பி.

பழைய லூகாஸ் முறையில் நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு. பழுப்பு பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை சாவியைக் கடந்து வருவது. பச்சை ப்யூஸைக் கடந்தது. கறுப்பு எர்த்துக்குச் செல்வது. மேஸ்திரி கறுப்புக் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே சென்றார். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு தகட்டில் அது திருகப்பட்டிருந்தது. திருகின் அடியில் துரு. கம்பியின் செம்புமுனையில் பச்சைக் களிம்பு. காயலின் உப்புக்காற்று பல ஆண்டுகளாகச் செய்த வேலை அது. உப்புத்தாளால் தகட்டையும் முனையையும் பளிச்சென்று தேய்த்து, புதிய வாஷர் இட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். எஞ்சினை ஓடவிட்டோம். முள் ஏறியது, விசிறி தானாகவே சுழன்றது, முள் இறங்கியது.

"அவன் போட்டது சரிதான், சாரே, மின்சாரம் போகிற வழியைத்தான் யாரும் பார்க்கவில்லை" என்றார் மேஸ்திரி.

பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். களிம்பேறிய கம்பி தெரிவதில்லை. விசிறியின் வேலை பெல்ட்டிலிருந்து கம்பிக்கு மாறியபோது, கோளாறும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்நிலையில் ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்ப்பது ஊகம். வழியை ஒவ்வோர் அடியாகச் சோதிப்பதே ஆராய்ச்சி. எந்தப் பகுதி எந்தக் காலத்தில் எதற்காக வந்தது என்று அறிந்தவருக்கே அவ்வழி புலப்படும். ஊகத்தின் விலை சிறிதன்று. எஞ்சின் அளவுமீறிக் காய்ந்தால் அதன் தலைப்பகுதி கோணிவிடும். அதற்கு முன்பே ஓர் ஏழைத் தொழிலாளியின் நற்பெயர் கெட்டுவிடும்.

மறுநாள் காலை நண்பர் அந்த இளைஞனை வரவழைத்தார். பாக்கிக் கூலியைக் கொடுத்தார். பின்பு வண்டியின் முன்மூடியைத் திறந்து, மேஸ்திரி தடவிச் சென்ற அந்தக் கறுப்புக் கம்பியை அவனுக்குக் காட்டினார்.