புதிதாக விட்ட மீன் காணாமற்போதல்: காரணங்களும் தேடும் முறையும்

1. ஆய்வுப் பொருள்

மாலையில் தொட்டியில் விட்ட புதிய மீன் மறுநாள் காலையில் கண்ணில் படாமற்போவது வண்ணமீன் வளர்ப்போர் பலரும் காணும் சிக்கல். செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்றே வேறொன்று வாங்கிவருவோர் உண்டு. இந்த அவசரத்தால் உயிரோடிருக்கும் மீன் தேடப்படாமல் சாகலாம். செத்த மீன் எடுக்கப்படாமல் அழுகலாம். தொட்டியில் விட்ட மீன் காணாமற்போக வழிகள் நான்கே: ஒளிதல், துள்ளி வெளியேறுதல், இரையாதல், இறந்து சிதைதல். இவற்றை உரிய வரிசையில் ஆராய்ந்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. ஒளிதல்

2.1 பயணத்தின் பாதிப்பு: பிளாஸ்டிக் பையில் அடைபட்ட மீன் வெளிவிடும் கரியமில வாயு நீரின் பிஎச் அளவைக் குறைக்கிறது. அந்த நீரிலேயே அமோனியாவும் சேர்கிறது. பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேற, பிஎச் ஏறி, அமோனியா நச்சுத்தன்மை பெறுகிறது. இவ்வாறு வாடிய மீன், வெளிச்சமும் பழகாத துணைகளும் உள்ள இடத்தில் மறைவிடம் தேடுவது இயல்பு.

2.2 பிறவிக் குணம்: தென்கிழக்கு ஆசியாவின் ஓடைகளைச் சேர்ந்த குஹ்லி லோச் பகலில் மணலுக்குள்ளும் இலைச்சருகின் அடியிலும் கிடந்து, இரவில் இரை தேடும். மெலிந்து நீண்ட உடல் என்பதால் பில்டரின் உறிஞ்சுகுழாய்க்குள்ளும் அது நுழைந்துவிடும். பல நாள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு நலமாக வெளிவருவதும் உண்டு. பிளெக்கோ வகைகள் மரக்கட்டையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கிடக்கும். இவை பகலில் தென்படாததை மரணமாகக் கொள்வது தவறு.

3. துள்ளி வெளியேறுதல்

மீன் நீரைவிட்டு வெளியேறுவது அரிய நிகழ்ச்சி அன்று. பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறக் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ் படை அதிகாரி டால்டார்ப் எழுதிய குறிப்பு, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மரமேறும் செய்தியைப் பின்வந்தோர் ஐயுற்றாலும், அம்மீன் ஈரத்தரையில் ஊர்ந்து செல்வது உறுதியான உண்மை. தொட்டி மீன்களில் ஹாட்செட், கில்லி, பைட்டர் ஆகியவை துள்ளலுக்குப் பெயர்பெற்றவை. புதிய இடத்தின் மிரட்சி, பழைய மீன்களின் விரட்டல், நீரின் தரக்கேடு ஆகிய மூன்றும் துள்ளலைத் தூண்டும். வயரும் குழாயும் செல்ல மூடியில் விட்ட சிறு இடைவெளியே சிறு மீனுக்குப் போதும்.

4. இரையாதலும் சிதைதலும்

வாய்க்குள் அடங்குவதைப் பல மீன்கள் விழுங்கிவிடும். ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள நியான் டெட்ராவை வளர்ந்த ஏஞ்சல் மீன் எளிதில் தின்றுவிடும். ஆஸ்கர் உள்ள தொட்டியில் சிறு மீனுக்கு இடமே இல்லை. இறந்த சிறு மீனின் உடலை நத்தைகளும் இறால்களும் விரைவில் தின்று தீர்க்கும். 25 முதல் 28 டிகிரி வெப்பமுள்ள நீரில் மிஞ்சியதும் வேகமாக அழுகும். அழுகும் உடல் அமோனியாவை வெளியிடும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். சிறிய தொட்டியில் இந்த நஞ்சு மற்ற மீன்களையும் கொல்லக்கூடும்.

5. தேடும் வரிசை

5.1 முதலில் தரை: தொட்டியைச் சுற்றிலும், ஸ்டாண்டின் பின்னும் அடியிலும் பார்க்க வேண்டும். நொடிகள் உயிரைத் தீர்மானிப்பது இங்கேதான். செவுள் ஈரமாக உள்ள மீன் அசைவற்றுக் கிடந்தாலும் உடனே நீரில் விட வேண்டும்; பிழைக்க வாய்ப்புண்டு.

5.2 அடுத்து பில்டர்: மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு உறிஞ்சுகுழாயையும் உள்ளறையையும் சோதிக்க வேண்டும்.

5.3 பின்னர் நீர்ச் சோதனை: அமோனியா அல்லது நைட்ரைட்டு தென்பட்டால் உடலைத் தேடி எடுத்து, நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். பெரிய தொட்டியில் சிறு மீனின் அழுகும் உடல் இவற்றின் அளவை உயர்த்தாமலும் போகலாம். ஆகவே அளவு சரியாக இருப்பது மட்டுமே உயிருக்குச் சான்றாகாது.

5.4 கடைசியில் இரவு நோட்டம்: விளக்கணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், அடியில் தங்கும் தீவனம் இட்டுப் பார்க்க வேண்டும். கற்களையும் செடிகளையும் பிடுங்கித் தேடுவது கூடாது. ஒளிந்துள்ள மீனை அது நசுக்கலாம், மேலும் மிரளவைக்கும்.

6. தடுப்பு

பழைய மீன்களோடு சேர்க்குமுன் புதியதை 2 முதல் 4 வாரம் தனித்தொட்டியில் வைக்க வேண்டும். அத்தொட்டிக்கும் மூடி வேண்டும். பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பின், விளக்கணைத்து மீனை விடுவது நல்லது. உறிஞ்சுகுழாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்ட வேண்டும். மறைவிடம் கூடினால் மீன் கண்ணில் படாது என்று அஞ்சத் தேவையில்லை. ஒதுங்க இடம் அருகிலேயே இருக்கும் மீன்தான் அச்சமின்றி வெளியே உலவும்.

7. முடிவு

மேற்கண்ட காரணங்களில் ஒளிதல் மட்டுமே மீனின் இயல்பு. மற்றவற்றில் பெரும்பாலானவை வளர்ப்பவரின் கையில் உள்ளவை. மூடியின் இடைவெளியை அடைப்பதும், சேரக்கூடிய மீன்களையே சேர்ப்பதும் வாங்குமுன் முடிக்க வேண்டிய வேலைகள். விட்ட மீனுக்கு என்ன ஆயிற்று என்று தெளியும்வரை, தயவுசெய்து அந்தத் தொட்டிக்கு இன்னொரு மீன் வாங்காதீர்கள்.