பட்ஜெட் நிறைவேறாத ஆண்டு

1891 ஜனவரி 5. சிலி நாட்டு ஜனாதிபதி ஹோசே மானுவேல் பால்மசேடா ஓர் ஆணை பிறப்பித்தார். 1890-ம் ஆண்டின் பட்ஜெட்டே இந்த ஆண்டும் செல்லும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் புது பட்ஜெட்டை நிறைவேற்றாமல் இழுத்தடித்திருந்தது. எங்கள் நம்பிக்கையைப் பெற்றவர்தான் அமைச்சராக இருக்க வேண்டும் என்றார்கள் உறுப்பினர்கள். அமைச்சர்களை நியமிப்பது என் உரிமை என்றார் அவர்.

இரண்டே நாளில் கடற்படை கிளர்ந்தெழுந்தது. கேப்டன் ஹோர்ஹே மோன்ட் தலைமையிலான கப்பல்களில் கீழவையின் தலைவரும் மேலவையின் துணைத் தலைவரும் ஏறிக்கொண்டார்கள். தரைப்படையின் பெரும்பகுதி ஜனாதிபதியோடு நின்றது. கப்பல் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் என்று நாடு பிளந்தது.

கப்பல்கள் நேராக வடக்கே போயின. அங்கேதான் வெடியுப்பு வயல்கள் இருந்தன. பெரு, பொலிவியா நாடுகளோடு போரிட்டுச் சிலி கைப்பற்றிய பாலைநிலம் அது. அந்த உப்பின் ஏற்றுமதி வரியில்தான் பால்மசேடா ரயில் பாதையும் பள்ளிக்கூடங்களும் கட்டினார். 1890-ல் அவர் திறந்துவைத்த மயேகோ ரயில் பாலம் இன்றும் நிற்கிறது. இக்கிக்கே துறைமுகம் விழுந்ததும் வரிப்பணம் கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. அதில் ஆயுதம் வந்தது. உப்பு வயல் கூலிகள் சிப்பாய்கள் ஆனார்கள். எமில் கோர்னர் என்ற ஜெர்மானிய அதிகாரி அவர்களைப் பழக்கினார். என்னைக் கேட்டால், போரின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

அரசுத் தரப்புக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. ஏப்ரல் 23, விடியாத நேரம். கால்டெரா விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிளாங்கோ என்கலாடா என்ற இரும்புக் கவசக் கப்பலை இரண்டு டார்பிடோ படகுகள் நெருங்கின. ஒரு டார்பிடோ பாய்ந்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய 180 பேர் மாண்டார்கள். தானே நீந்திச் செல்லும் டார்பிடோவால் மூழ்கிய முதல் கவசக் கப்பல் அதுதான். செத்தவர்களும் சிலி மக்கள், கொன்றவர்களும் சிலி மக்கள்.

ஆகஸ்டில் நாடாளுமன்றப் படை வால்பராய்சோவுக்கு அருகே கரையிறங்கியது. 21-ல் கொன்கோன், 28-ல் பிளாசில்லா. இரண்டு சண்டைகளிலும் அரசுப் படை நொறுங்கியது. மறுநாளே பொறுப்பை ஜெனரல் பக்கெடானோவிடம் ஒப்படைத்துவிட்டு, சாண்டியாகோவில் அர்ஜென்டினா தூதரகத்தில் பால்மசேடா தஞ்சம் புகுந்தார். வெளியே அவர் ஆதரவாளர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன.

அவருடைய ஐந்தாண்டுப் பதவிக்காலம் செப்டம்பர் 18-ல் முடிந்தது. அதுவரை உயிரோடு இருந்தார். 19-ம் தேதி காலை தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 51.

பத்திரிகைகளை மூடியதற்கும், லோ கான்யாஸில் இளைஞர்களை அவருடைய படை கொன்றதற்கும் பால்மசேடாவை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் வென்றவர்கள் நாட்டுக்கு நல்லாட்சி தந்துவிடவில்லை. மோன்ட் ஜனாதிபதியானார். அடுத்த 34 ஆண்டுகள், 1925-ல் புதிய அரசியல் சட்டம் வரும்வரை, அமைச்சரவைகள் சில மாதங்களுக்கு ஒருமுறை கவிழ்ந்துகொண்டே இருந்தன.