கியாங்கன் வயல்களுக்கு வயது என்ன?

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், இஃபுகாவோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் சிறு நகராட்சி கியாங்கன். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பானியத் தளபதி யமஷிதா சரணடைந்த ஊர் என்று போர் வரலாறு இதைக் குறித்துக்கொண்டது. ஊரின் உண்மையான வரலாறு அதன் படிக்கட்டு நெல்வயல்களில் இருக்கிறது. இங்குள்ள நகாகடான் வயல்கள், 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஐந்து தொகுதிகளில் ஒன்று. இவற்றுக்கு இரண்டாயிரம் வயது என்ற கருத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்ட்டன், பேயர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வழியே பரவியது. இவ்வளவு பெரிய வேலையைக் கையால் செய்து முடிக்க அத்தனை காலம் பிடித்திருக்கும் என்பது அவர்களுடைய ஊகம். மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னதல்ல.

தோண்டிப் பார்த்தபோது கணக்கு மாறியது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ குழுவினர் பழைய கியாங்கன் குடியிருப்பில் நடத்திய அகழாய்வில், முந்தைய அடுக்குகள் சேப்பங்கிழங்குச் சாகுபடியைக் காட்டின. நெல் பதினேழாம் நூற்றாண்டை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. ஸ்பானியர் கீழே மகாத் பள்ளத்தாக்கில் காலூன்ற முயன்ற காலம் அது. வரிக்கும் கட்டாய வேலைக்கும் மதமாற்றத்துக்கும் தப்பியவர்கள் மலையேறினார்கள் என்று, ஸ்பானிய ஆவணங்களைப் படித்த ஃபீலிக்ஸ் கீசிங் 1962லேயே எழுதியிருந்தார். படிக்கட்டு வயல் அந்த நெருக்கடிக்கு மலை மக்கள் கண்ட விடை என்பதே என் முடிவு.

குறுகிய காலத்தில் இத்தனை வரப்புகளை எழுப்ப முடியுமா என்று கேட்கலாம். மலையில் ஆள்பலம் பெருகியிருந்தது. சேப்பங்கிழங்குக்காக வெட்டிய சிறு பாத்திகளை அகலப்படுத்தினாலே நெல்வயலாகிவிடும். வயது குறைந்தால் பெருமை குறையாதா என்பது அடுத்த கேள்வி. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் தீவுகளை ஆண்ட ஸ்பெயின், இந்த மலைகளை முழுதாக அடக்கவில்லை. அந்த எதிர்ப்புக்குச் சோறுபோட்ட வயல்கள் இவை என்பதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்?

நெல் இங்கே வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமான பயிராகவும் இருக்கவில்லை. ‘தினாவோன்’ எனும் நாட்டு நெல் ஆண்டுக்கு ஒரு போகம்தான். ‘கடங்யான்’ எனப்பட்ட செல்வக் குடிகள் அரிதான அந்த அரிசியை உண்டு, விருந்து வைத்து அந்தஸ்தைக் காட்டினார்கள். ஏழைகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கே பெருந்துணை. வயல் துண்டாடப்படாமல் மூத்த பிள்ளைக்குப் போனது. மேலே ‘முயோங்’ என்னும் குடும்பக் காடுகள் வாய்க்காலில் நீர் வற்றாமல் காத்தன.

பிற்காலத்தில் இளைஞர்கள் வேறு பிழைப்பு தேடி வெளியேற, கவனிப்பாரற்ற வரப்புகள் சரிந்தன. 2001இல் இந்த வயல்கள் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தன, 2012இல் நீக்கப்பட்டன. தேவையால் உருவான வயலைச் சுற்றுலாக் கட்டணம் மட்டும் காப்பாற்றாது. தினாவோன் விளைவிப்பவருக்கு உழைப்புக்கேற்ற விலை கிடைத்தால்தான் வரப்பு நிற்கும்.